பழைய த்ரீ-நாட்-த்ரீ ரைபிள் வாங்கும் முன்: வயது, நிலை, மதிப்பு மூன்றையும் கணிக்க ஒரு வழிகாட்டி

கல்லூரியில் என்சிசி மாணவனாக இருந்த மூன்று ஆண்டுகளும் நான் தோளில் சுமந்து அணிவகுத்தது, எல்லாரும் த்ரீ-நாட்-த்ரீ என்று அழைக்கும் லீ-என்ஃபீல்ட் ரைபிளைத்தான். பின்னாளில் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அதே ரைபிளை உரிமம் பெற்ற எவரும் இங்கே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்பதையும், அவற்றில் பல லட்சம் ரைபிள்கள் டொரன்டோவை அடுத்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை என்பதையும் அறிந்தபோது, ஒன்றை வாங்காமல் இருக்க முடியவில்லை. 850 டாலர் கொடுத்து, மரம் பளபளக்க, இரும்பு கறுகறுக்க இருந்த ஒன்றை வாங்கினேன். துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனதும் அரைமணி நேரத்தில் மூன்று குறைகளைக் காட்டினார்: போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும், கையால் இயக்கும் இரும்பு உருளை) வேறொரு ரைபிளுடையது, மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் முத்திரைகள் அழிந்திருந்தன, போல்ட் ஓடும் தடத்தின் விளிம்பு உடைந்திருந்தது. இவை மூன்றும் வாங்கும் முன்பே என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஏழெட்டு ரைபிள்களைப் பார்த்து, மூன்றை வாங்கி, நான் கற்றுக்கொண்ட வரிசை இது. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் கனடாவுக்கு மட்டுமே பொருந்தும். ரைபிளைப் பார்க்கும் முறை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

1. முதலில் உரிமம், பிறகு ரைபிள்

விற்பனையாளரிடம் பேசத் தொடங்கும் முன்பே உரிமத்துக்கான வேலையைத் தொடங்குங்கள். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறிய பிறகே உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். பயிற்சி குறைந்தது 8 மணி நேரம். கட்டணம் பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மாறும். விண்ணப்பக் கட்டணம் 60 டாலருக்கு மேல், ஆண்டுதோறும் சிறிது உயரும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்புக் காலம் உண்டு. உண்மையில் உரிம அட்டை கைக்கு வர அதைவிடப் பல வாரங்கள் கூடுதலாக ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரையும், புகைப்படமும் தேவை. கணவன் அல்லது மனைவியின் கையொப்பமும் கேட்கப்படும். எனவே வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "இது நூறு வருஷத்துப் பழசு, பழம்பொருள் கணக்கில் வரும், உரிமமே வேண்டாம்" என்று சொல்லும் விற்பனையாளரை நீங்கள் சந்திப்பீர்கள். கனடியச் சட்டம் பழம்பொருள் என்று விலக்களிப்பது 1898-க்கு முன் செய்யப்பட்ட சில வகைத் துப்பாக்கிகளுக்கு மட்டுமே. மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) பொருத்திய, குழல்விட்டம் 8.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த, அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் மையவெடிப்புத் தோட்டா ரைபிள் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்த விலக்குக்குள் வராது. லீ-என்ஃபீல்ட் மேகசின் உள்ளது, அதன் விட்டம் 7.7 மில்லிமீட்டர். ஆகவே உரிமம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

2. கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது

விற்பவர் "காலியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னாலும், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் கழற்றி, போல்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே அடுத்ததைப் பாருங்கள். இதைச் செய்யவிடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

3. எந்த வகை, எந்த ஆண்டு

தொலைவிலிருந்தே வகையை அறியலாம். குழல்வாய் வெளியே தெரியாமல், முன்முனையை ஒரு தட்டையான இரும்பு மூக்கு முழுதாக மூடியிருந்தால் அது முதல் உலகப்போர்க் காலத்து வடிவமான நம்பர் 1 மார்க் 3 (மார்க் என்பது வடிவத்தின் திருத்த எண்). அல்லது 1916 அளவில் அதை எளிமையாக்கி வந்த மார்க் 3 ஸ்டார். என்சிசி-யில் நாம் பிடித்தது பெரும்பாலும் இதுதான். குழலின் நுனி சில அங்குலம் வெளியே நீண்டு, குறிபார்க்கும் துளை போல்டுக்குப் பின்னால் கண்ணருகே இருந்தால் அது நம்பர் 4, இரண்டாம் உலகப்போருடையது. குட்டையாக, நுனியில் புனல்போன்ற தீப்பொறி மறைப்புடன் இருப்பது நம்பர் 5, ஜங்கிள் கார்பைன் என்று புகழ்பெற்றது.

நம்பர் 1 வகையில், போல்ட் கைப்பிடிக்குப் பின்னால் மரக்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடம், அதன் கீழ் அரசரின் பெயரெழுத்துகள், செய்த இடம், ஆண்டு, மார்க் எண் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடிக்கப்பட்டிருக்கும். என்ஃபீல்ட், பிஎஸ்ஏ, எல்எஸ்ஏ என்றிருந்தால் இங்கிலாந்து, லித்கோ என்றிருந்தால் ஆஸ்திரேலியா, ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளுடன் இஷாப்பூர் என்றிருந்தால் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள நம் தொழிற்சாலை. குடியரசுக்குப் பிந்தைய இஷாப்பூர் ரைபிள்களில் கிரீடத்தின் இடத்தை அசோகச் சிங்கம் பிடித்திருக்கும். கனடாவில் ஒரு துப்பாக்கிச் சந்தையின் மேசைமேல் அந்தச் சிங்கத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நான் அங்கிருந்து நகர வெகுநேரம் ஆயிற்று.

நம்பர் 4 வகையில் எழுத்துகள் பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருக்கும். லாங் பிராஞ்ச் தன் பெயரையும் ஆண்டையும், போல்ட் ஓடும் இரும்பு உடற்பகுதியான ரிசீவரின் இடச்சுவரில் வெளிப்படையாகவே அடித்தது. வரிசை எண்ணின் நடுவே எல் என்ற எழுத்து வரும். அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் செய்தவற்றில், ஆலை இருந்த சிக்கப்பீ ஃபால்ஸ் ஊரைக் குறிக்கும் சி எழுத்து எண்ணின் நடுவேயும், அமெரிக்க அரசின் உடைமை என்ற வாசகம் இடச்சுவரிலும் இருக்கும். இங்கிலாந்தின் ஃபஸாகர்லி, மால்ட்பி ஆலைகள் எழுத்துக் குறியீடுகளையும், பிஎஸ்ஏவின் ஷர்லி ஆலை எம்47சி என்ற குறியீட்டையும் பயன்படுத்தின.

ஆண்டைக் கணிப்பதில் புதியவர்கள் தவறும் இடம் குழல். குழலில் தனி ஆண்டு அடிக்கப்பட்டிருக்கும். அது ரிசீவரின் ஆண்டைவிடப் பிந்தையதாக இருந்தால், படைப்பிரிவின் பணிமனையில் குழலை மாற்றியிருக்கிறார்கள் என்பதே பொருள். அது மோசடி ஆகாது. அதேபோல் எஃப்டிஆர் என்ற எழுத்துகள், ரைபிள் ஆலைக்குத் திரும்பிப்போய் முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கப்பட்டதைச் சொல்கின்றன. மார்க் 1/2, மார்க் 1/3 என்று மின்பேனாவால் எழுதியிருந்தால், பழைய மார்க் 1 அல்லது மார்க் 1 ஸ்டார் பின்னாளில் மார்க் 2 அமைப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அப்படிச் சீரமைத்தவற்றில் கறுப்பு எனாமல் பூச்சைக் கண்டு, யாரோ வீட்டில் வண்ணமடித்துவிட்டார்கள் என்று எண்ணிச் சுரண்டிவிட வேண்டாம். போருக்குப் பிந்தைய பிரித்தானியப் பணிமனைகள் அடித்த பூச்சே அது.

டிபி என்ற எழுத்துகளைக் கண்டால் நின்றுவிடுங்கள். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ரைபிள் அது. என்சிசி-யில் இருந்தவர்களுக்கு இந்த எழுத்துகள் பழக்கமானவை. தேய்ந்தோ பழுதுபட்டோ போனதால் ஒதுக்கப்பட்டவற்றைச் சுடவே கூடாது. அந்த எழுத்துகளை அரம் போட்டு அழித்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இரும்பில் எங்கேனும் தேய்த்த பள்ளம் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

4. எண்கள் பொருந்துகின்றனவா

சேகரிப்பாளர்கள் மதிப்பைத் தீர்மானிக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். ரிசீவரில் உள்ள வரிசை எண்ணும், போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் 1 வகையில் குழல், முன்மூக்கு, பின்குறி இலை, முன்மரத்தின் அடிப்பகுதி ஆகியவற்றிலும் அதே எண் இருக்கலாம். எல்லா ஆலைகளும் எல்லாப் பாகங்களிலும் எண் அடிக்கவில்லை. ஆகவே ஒரு பாகத்தில் எண்ணே இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம், வேறு எண் இருப்பதையே குறையாகக் கொள்ளுங்கள்.

போல்ட் எண் பொருந்தாததை வெறும் சேகரிப்பாளர் பிடிவாதம் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். லீ-என்ஃபீல்டின் போல்ட் அந்தந்த ரைபிளுக்கென்றே பொருத்திச் சரிபார்க்கப்பட்டது. போல்டின் இரு பக்கத்துத் தாங்கு புடைப்புகளும் ரிசீவரில் சமமாகப் படிய வேண்டும். வேறு ரைபிளின் போல்டைப் போட்டால் ஒரு பக்கம் மட்டுமே படியக்கூடும், வெடிப்பின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் விழும். அப்படிப்பட்ட ரைபிளில் விலையோடு பாதுகாப்பும் குறைகிறது.

பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய எண் அடித்திருந்தால், அது பெரும்பாலும் படையின் பணிமனை முறைப்படி செய்தது, நேர்மையான மாற்றம். எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றியுள்ள இரும்பைவிடப் பள்ளமாகவும் பளபளப்பாகவும் இருந்து, எழுத்துரு ரிசீவரின் எழுத்துருவோடு ஒத்துப்போகாவிட்டால், யாரோ அண்மையில் எண்ணைப் பொருத்தியிருக்கிறார்கள். கைப்பேசியில் இரண்டு எண்களையும் அருகிலிருந்து படமெடுத்து, பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. குழலின் உட்புறம்

போல்டைக் கழற்றிவிட்டால் பின்பக்கத்திலிருந்தே குழலின் உள்ளே பார்க்கலாம். சிறு விளக்கை மறுமுனையில் பிடியுங்கள். முதலில் எண்ணெய்த் துணியைச் செலுத்தித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அழுக்கு சில சமயம் அரிப்பை மறைக்கும், சில சமயம் நல்ல குழலையே கெட்டதாகக் காட்டும். உள்ளே திருகுபோல் ஓடும் புரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அக்காலத் தோட்டாக்களின் வெடிமுனை உப்பை விட்டுச்சென்றதால், உடனே கழுவாத குழல்கள் உள்ளே துருப்பிடித்தன. மேலோட்டமாகப் பனி படர்ந்ததுபோல் மங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். புரிகளின் மூலைகளில் ஆழமான கருங்குழிகள் இருந்தால் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

புரிகளை எண்ணுங்கள். ஐந்துதான் வழக்கம். போர்க்காலத்து நம்பர் 4 பலவற்றில் இரண்டே பள்ளங்கள் இருக்கும். விரைவாகச் செய்வதற்காக அப்படி வடிவமைத்தார்கள். இதைக் குறையென்று சொல்லி விலையைக் குறைக்க முயன்றால் விற்பவர் உங்களைப் புதியவர் என்று புரிந்துகொள்வார்.

குழல்வாயைத் தனியாகப் பாருங்கள். குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்து, வாயின் ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிப்போன ரைபிள்கள் மிகுதி. எங்கள் ஹவில்தார் கயிற்றை நேராக இழுக்கச் சொல்லி ஏன் அவ்வளவு கண்டிப்புக் காட்டினார் என்பது அத்தகைய ஒரு குழலைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கிற்று.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். நம்பர் 1, நம்பர் 4 இரண்டின் குழலும் 25.2 அங்குலம், அதாவது 640 மில்லிமீட்டர். போல்டை மூடிவைத்து, வாய்வழியே துப்புரவுக் கம்பியைப் போல்டின் முகம் வரை மெதுவாக இறக்கி, அடையாளமிட்டு அளக்கலாம். ஓரிரு அங்குலம் குறைந்தாலும் யாரோ வேட்டைக்காக அறுத்திருக்கிறார்கள். அதற்குப் பரிகாரம் இல்லை.

6. போல்டும் ஹெட்ஸ்பேஸும்

நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் வகையில் ஒரு பிறவிப் பலவீனம் உண்டு. போல்டைக் கழற்றுவதற்காக, போல்ட்தலை ஓடும் வலப்பக்கத் தடத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டின் மூலை காலப்போக்கில் சில்லாக உடையும். உடைந்திருந்தால் போல்டைப் பின்னுக்கு இழுக்கும்போது தலை தடத்தை விட்டுத் துள்ளி மேலெழும். லாங் பிராஞ்சும் சாவேஜும் பெருமளவில் செய்தது இந்த வகையையே என்பதால் கனடாவில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: போல்டை நிதானமாகப் பத்துமுறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள், பிறகு வேகமாக ஓட்டுங்கள், பிறகு வெட்டின் விளிம்பை நகத்தால் தடவுங்கள்.

ஹெட்ஸ்பேஸ் என்பது, மூடிய போல்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிவிளிம்பு வந்து படியும் குழல்முகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி. அது கூடினால் தோட்டாக்கூடு சுடும்போது கிழியலாம். தோட்டாவுக்குப் பதிலாக அறைக்குள் வைக்கும் அளவுகோலைக் கொண்டு இதைச் சோதிப்பார்கள்: த்ரீ-நாட்-த்ரீக்கு 0.064 அங்குல அளவுகோலின்மீது போல்ட் மூட வேண்டும். இராணுவம் ரைபிளை நிராகரிக்கும் எல்லை 0.074 அங்குலம், அந்த அளவுகோலின்மீது போல்ட் மூடினால் சுடக் கூடாது. நம்பர் 4-இன் போல்ட்தலைகளில் 0 முதல் 3 வரை எண் இருக்கும். எண் கூடக்கூடத் தலை சற்று நீளும். 3-ஆம் எண் தலை ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், இனிச் சரிசெய்ய இடம் மிகக் குறைவு என்று அறியுங்கள். எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் பழுதுபார்ப்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 40 டாலர் ஆயிற்று. முதல் ரைபிளை வாங்கும் முன் அந்த 40 டாலரைச் செலவிட்டிருந்தால் பல நூறு மிஞ்சியிருக்கும்.

7. மரம்

புதியவர் கண்ணைப் பளபளப்பு இழுக்கும். அனுபவசாலியின் கண்ணை முத்திரை இழுக்கும். தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக, எண்ணெய் ஊறிக் கறுத்து, சிறு அடிகள் பட்டு, ஆனால் ஆய்வாளர் முத்திரைகள் தெளிவாகத் தெரியும் மரமே விலை மதிப்புள்ளது. கனடியப் படையின் முத்திரை, சி என்ற எழுத்துக்குள் ஓர் அம்பு. பிரித்தானிய அம்பு தனியாக இருக்கும். முனையோடு முனை தொடும் இரண்டு அம்புகள், அரசு அதைச் சேவையிலிருந்து நீக்கி விற்றதைக் காட்டும். மரத்துக்கும் இரும்புக்கும் இடையே மரம் தாழ்ந்து போயிருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். வார்னிஷ் மணந்தாலும் அப்படியே.

விரிசலை முன்மரத்தின் பின்முனையில், விசைக்கு மேலே, இரும்பு வளையத்தை ஒட்டித் தேடுங்கள். பின்னுதைப்பு முழுவதையும் அந்த இடமே தாங்குகிறது. இஷாப்பூர் ரைபிள்களில் முன்மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி போட்டிருப்பார்கள். அது ஆலையே செய்த வலுவூட்டல்.

வாங்கிய பிறகு ஆர்வமிகுதியில் செய்துவிடும் ஒரு தவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்பர் 1 வகையில், முன்மரத்தைக் கழற்றாமல் பின்கட்டையின் உள்ளிருக்கும் நீண்ட போல்டாணியைத் திருகக் கூடாது. அதன் சதுரமுனை முன்மரத்தில் உள்ள ஒரு தகட்டுக்குள் பொருந்தியிருக்கும். திருகினால் முன்மரம் பிளந்துவிடும். நூறாண்டு தாங்கிய மரத்தை ஒரே நிமிடத்தில் கெடுக்கும் வழி இது. முன்மரத்தை எடுத்த பிறகே பின்கட்டை.

8. விலை மிகுந்தவற்றின் போலிகள்

ஸ்னைப்பர் வகையான நம்பர் 4 (டி), சாதாரண நம்பர் 4-ஐப்போலப் பலமடங்கு விலை போவதால், போலிகள் மிகுதி. பெரும்பாலானவற்றை இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தேர்ந்தெடுத்த ரைபிள்களிலிருந்து மாற்றியமைத்தது. உண்மையானதில் டி முத்திரை, இரும்பு வளையத்தில் டிஆர், கட்டையின் அடியில் எஸ்51, கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண், தொலைநோக்கித் தாங்கியில் ரைபிளின் எண் ஆகியவை ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் முதல்முறை வாங்குபவர் விலகிவிடுவதே நல்லது.

நம்பர் 5 ஃபஸாகர்லியிலும் ஷர்லியிலும் மட்டுமே, 1944 முதல் 1947 வரை செய்யப்பட்டது. லாங் பிராஞ்ச் அல்லது சாவேஜ் முத்திரையுடன் ஜங்கிள் கார்பைன் யாராவது காட்டினால் அது அறுத்துச் செய்தது. உண்மையானதில் எடை குறைப்பதற்காக ரிசீவரிலும், மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் குழலின் தடித்த பின்பகுதியிலும் இரும்பைச் செதுக்கியிருப்பார்கள்; போல்ட் கைப்பிடிக் குமிழும் குடையப்பட்டிருக்கும். வெளியிலிருந்து குமிழும் ரிசீவரும் தெரியும் என்பதால் மரத்தைக் கழற்றாமலே பாதி உண்மை விளங்கிவிடும்.

9. விலையை எப்படிக் கணிப்பது

கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் தொகையை வெளியிடுகின்றன. அதே ஆலை, அதே மார்க், அதே நிலையில் உள்ள ஐந்தாறு ரைபிள்களின் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் வாங்குபவர் கட்டணத்தையும் ஒன்டாரியோவின் 13 விழுக்காடு வரியையும் சேருங்கள். 800 டாலருக்குக் கைதூக்கியது, 20 விழுக்காடு கட்டணத்தால் 960 ஆகி, வரியோடு 1,084 டாலர் 80 காசு ஆகிவிடும்.

நான் கண்டவரை, எண்கள் பொருந்தி, மரம் தேய்க்கப்படாத முழு இராணுவ வடிவ ரைபிளின் விலையை 100 என்று வைத்தால், போல்ட் பொருந்தாதது 70 அளவிலும், வேட்டைக்காக முன்மரத்தை வெட்டியது 40 அளவிலும் நிற்கும். குழலையும் அறுத்திருந்தால் இன்னும் கீழே போகும். முன்மரம் வெட்டி, குழல் முழுதாக இருப்பதை வாங்கிப் பழைய வடிவத்துக்கு மீட்கலாம் என்ற ஆசை பலருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. 350 டாலருக்கு வாங்கிய ஒன்றுக்கு மரமும் வளையங்களும் தேடி எட்டு மாதம் அலைந்தேன், செலவு 400 டாலரைத் தாண்டிற்று. அப்படி மீட்டது ஒருபோதும் தொடப்படாத ரைபிளின் விலைக்கு வராது. அந்த வேலையில் மகிழ்ச்சி இருந்தது, ஆனால் அதை முதலீடு என்று எண்ணிச் செய்யாதீர்கள்.

10. பணம் கொடுக்கும் நாள்

கனடாவில் 2022 மே 18 முதல், சாதாரண ரைபிளைக் கைமாற்றும்போதும் விற்பவர் உங்கள் உரிமத்தை அரசின் துப்பாக்கித் திட்ட அலுவலகத்தில் சரிபார்த்து ஒரு குறிப்பெண் பெற வேண்டும். அந்தக் குறிப்பெண் 90 நாள் செல்லும். நண்பருக்குள் இது தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிறகு சிக்குவது இருவருமே. இறந்தவரின் உடைமையாக வரும் ரைபிளானால், விற்பவர் அந்த உடைமைக்குப் பொறுப்பாளர் என்பதற்கான ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள். கியூபெக்கில் வசிப்பவர்கள் மாகாணப் பதிவேட்டிலும் பதிய வேண்டும்.

நீங்களே ஒரு விற்பனைச் சீட்டு எழுதுங்கள்: இருவர் பெயர், நாள், தொகை, ஆலை, மார்க், ஆண்டு, வரிசை எண், போல்ட் எண், சரிபார்ப்புக் குறிப்பெண். "எண்கள் பொருந்துகின்றன" என்று விற்பவர் சொல்லியிருந்தால் அந்தச் சொற்களையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அன்றே எல்லா முத்திரைகளையும் படமெடுத்துவிட்டால் காப்பீட்டுக்கும் உதவும்.

வீட்டில், தோட்டாவை அகற்றி, விசைப்பூட்டு போட்டோ பூட்டிய அலமாரியில் வைத்தோ காக்க வேண்டும். தோட்டாக்களை எளிதில் எடுக்க முடியாதபடி தனியே பூட்டிவையுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தால் போதும். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச்செல்லலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: இந்தியாவில் த்ரீ-நாட்-த்ரீ தடைசெய்யப்பட்ட விட்டமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது, சாதாரணக் குடிமகனின் உரிமத்தில் அது வராது. திரும்புவதாக இருந்தால் பயணச்சீட்டு எடுப்பதற்குச் சில மாதம் முன்பே விற்பனையைத் தொடங்குங்கள். வாங்குபவரின் உரிமச் சரிபார்ப்புக்கும் பேரத்துக்கும் அந்தக் காலம் தேவைப்படும்.